எதிரே இவ்வளவு நிலம் காலியாகக் கிடக்கிறதே, வீட்டு விலை இறங்காதா?

சிங்கப்பூர் வாசகி கேட்கிறார்:

ஈசூனில் நாலறை வீட்டில் 26 ஆண்டுகளாக இருக்கிறோம். ஒன்பதாம் மாடி. சமையலறைச் சன்னலைத் திறந்தால் காத்திப் பக்கம் மரங்களும் இப்போது புதிதாக அடித்த வேலியும் தெரியும். அடுத்த ஆண்டு மகளுக்குத் திருமணப் பதிவு. பக்கத்திலேயே மறுவிற்பனை வீடு ஒன்றை இப்போதே வாங்கிவிடட்டும் என்பது என் எண்ணம். மருமகனாக வரப்போகிறவரோ, “அரசாங்கம் நிறைய நிலம் விடுகிறது, ரெண்டு வருஷம் பொறுத்தால் விலை இறங்கும்” என்கிறார். இவ்வளவு நிலத்தைச் சும்மா வைத்துக்கொண்டு ஏன் கட்டாமல் இருக்கிறார்கள் என்று என் கணவர் தினமும் சண்டை போடுகிறார். அரசாங்கத்தோடு இல்லை, என்னோடு. பக்கத்தில் ஒரு நிலம் ஒரு பில்லியன் வெள்ளிக்குப் போனதாகவும் படித்தோம். அப்படியென்றால் எங்கள் வீட்டு விலையும் ஏறுமா? யார் பேச்சைக் கேட்பது?

நில மதிப்பீட்டாளர் பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சமாதானமானால்தான் மற்றதை நீங்கள் நிம்மதியாகப் படிக்க முடியும்.

உங்கள் சன்னலுக்கு வெளியே தெரிவது அநேகமாக செஞ்சாரு வட்டாரம். ஈசூன்காரர்களுக்கு அது இறால் பிடிக்கப் போகும் இடம். முதலில் பாட்டில் ட்ரீ பார்க், பிறகு ஓர்ட்டோ. வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், நாலு இறால் பிடித்து, நாற்பது வெள்ளி செலவழித்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அது காலி நிலமாகத் தெரிந்தாலும் அரசாங்கம் குறுகிய காலக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம். குத்தகை முடிந்தது, இடம் மூடப்பட்டது. இப்போதைய திட்டம், சுமார் 70 ஹெக்டரில் 2040க்குள் ஏறக்குறைய 10,000 வீடுகள். அவற்றில் 80 விழுக்காடாவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளாக இருக்கும். முதல் பிடிஓ விற்பனை, அதாவது கட்டும் முன்பே விண்ணப்பம் வாங்கி வீவக விற்கும் புது வீடுகளின் விற்பனை, 2024 ஜூனில் நடந்துவிட்டது. ஆகவே “ஏன் கட்டவில்லை” என்ற கேள்விக்குப் பதில், கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான். பத்தாயிரமும் ஒரே நாளில் எழாது, அவ்வளவுதான்.

ஏன் எழாது என்பதற்குத் தெங்காவைப் பாருங்கள். செங்கல் சூளைகளும் அப்புறம் ராணுவப் பயிற்சியும் இருந்த இடம். புதிய நகரத்தின் திட்டத்தை 2016இல் அறிவித்தார்கள். முதல் பிடிஓ 2018 நவம்பரில். முதல் குடும்பங்கள் கையில் சாவி வாங்கியது 2023இல். இடையில் கோவிட் வந்தது உண்மைதான். அது வராமல் இருந்திருந்தாலும் அறிவிப்பிலிருந்து சாவி வரை ஆறு ஆண்டாவது ஆகியிருக்கும். நிலத்தைச் சமன் செய்ய வேண்டும், கால்வாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், சாலை எல்லாம் முதலில் போக வேண்டும். வேலி அடித்து ஒரு வருடமாகியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும்போது, பெரும்பாலும் வேலை மண்ணுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கும்.

நிலம் சும்மா கிடப்பதற்கு இன்னும் சில காரணங்களும் உண்டு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அஞ்சல் எண்ணைத் தட்டினால் உங்கள் புளோக்கே வந்துவிடும். மங்கிய ஆரஞ்சு நிறம் என்றால் குடியிருப்பு. மஞ்சள் என்றால் ஒதுக்கி வைத்த நிலம், என்ன கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. உங்கள் பகுதியில் நீர்த்தேக்கம் இருக்கிறது, செம்பவாங்கில் விமானத் தளம் இருக்கிறது. விமானத் தளத்தை ஒட்டி உயரக் கட்டுப்பாடு வரும். பாய லேபார் விமானத் தளத்தை 2030களிலிருந்து இடம் மாற்றப்போகிறார்கள். அங்கேயும் அதைச் சுற்றிலும் காலப்போக்கில் 150,000 வீடுகள் வரை கட்டலாம் என்கிறார்கள். ஒரு ஓடுபாதை எவ்வளவு இடத்தை, எத்தனை மாடிகளை முடக்கி வைத்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்த நாட்டில் நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்திடம் இருக்கிறது. 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதற்கு முக்கியமான காரணம். உங்கள் வட்டாரத்தில் இதற்குக் கண்ணெதிரே சாட்சி உண்டு. பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் போகும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், கடற்படைத் தளத்துத் தொழிலாளர் காலத்தில் கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியது. அந்த நிலம் வீடமைப்புக்குத் தேவைப்பட்டதால் ஈசூன் தொழிற்பேட்டைக்கு வந்து, 1996இல் கும்பாபிஷேகம் கண்டது. நிலம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் நினைப்பது அந்தக் கோயிலைத்தான். ஏற்கெனவே யாரோ இருந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

இப்போது உங்கள் வருங்கால மருமகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி.

நிலம் கூடினால் விலை இறங்கும் என்பது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். 2008இன் உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2009இல் அரசாங்கம் உறுதிப் பட்டியல் நில விற்பனையை, அதாவது தேதி குறித்து நிலம் விற்பதை, நிறுத்தி வைத்தது. யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயம். ஆனால் அந்த ஆண்டின் பிற்பாதியிலேயே விலை கிடுகிடுவென ஏறத் தொடங்கியது. உடனே 2010 தொடங்கி நிலத்தை அள்ளி விட்டார்கள். அந்த நிலத்தில் கட்டிய வீடுகள் 2014, 15, 16இல் வரிசையாக முடிந்தன. 2016 நடுவில் தனியார் வீடுகளில் நூற்றுக்கு ஒன்பது காலியாக நின்றது. அப்போது நான் ஒரு கட்டுமான நிறுவனத்தின் நிலப் பிரிவில் இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு புது கொண்டோவுக்கு எதிர் புளோக்கின் மேல்மாடி நடைபாதையில் நின்று, விளக்கு எரியும் சன்னல்களை எண்ணுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ஒரு தடவை ஒரு பாட்டி, “என்ன தம்பி, யாரைத் தேடுறீங்க?” என்று கேட்டே விட்டார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு மூன்றில் ஒரு சன்னல்கூட எரியவில்லை.

சரி, விலை எவ்வளவு இறங்கியது? 2013இன் பிற்பாதியில் தொடங்கி 2017 நடுப்பகுதி வரை, ஏறக்குறைய நான்கு ஆண்டில், தனியார் வீட்டு விலைக் குறியீடு 11.6 விழுக்காடு இறங்கியது. அவ்வளவுதான். அதுவும் நிலத்தால் மட்டும் இல்லை. வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்ற விதி 2013 ஜூனில் வந்தது, வீடு வாங்குபவர் கட்டும் கூடுதல் முத்திரை வரியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கடன் வரம்பு இப்போது 55 விழுக்காடு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலம் விட்ட வருடத்துக்கும் விலை அசைந்த வருடத்துக்கும் நடுவில் மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது. இரண்டு வருடம் பொறுத்தால் என்று தம்பி சொல்கிறாரே, அந்தக் கணக்கில்தான் தப்பு. இன்றைக்குச் செய்தியில் வரும் நிலம் இரண்டு வருடத்தில் யாருக்கும் வீடாகாது.

நிலம் விடுகிறார்கள் என்ற செய்தியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை அரசு நில விற்பனைப் பட்டியல் வெளியாகும். உறுதிப் பட்டியலில் உள்ள நிலம் சொன்ன தேதியில் ஏலக்குத்தகைக்கு வரும். இருப்புப் பட்டியலில் உள்ளது, ஏதாவது ஒரு நிறுவனம் “இவ்வளவாவது தருகிறேன்” என்று ஏற்கத்தக்க தொகையோடு கேட்டு வந்தால்தான் வரும். 2025இல் உறுதிப் பட்டியலில் 9,755 தனியார் வீடுகளுக்கான நிலம் இருந்தது. நாளிதழ்கள் சில நேரம் இரண்டு பட்டியலையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போட்டுவிடும். அதைப் பார்த்துதான் நிறைய நிலம் என்ற பேச்சு கிளம்புகிறது. ஏலத்துக்கு வந்த நிலமெல்லாம் விற்றுவிடும் என்றும் இல்லை. மரினா கார்டன்ஸ் கிரசென்ட்டில் ஒரு நிலத்துக்கு ஒரே ஒரு ஏலக்கேட்பு வந்தது, சுமார் 770 மில்லியன் வெள்ளி. விலை போதாது என்று 2024 ஜனவரியில் ஆணையம் அதைத் திருப்பிவிட்டது.

ஒரு நிலத்திலிருந்து எத்தனை வீடு வரும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். 15,000 சதுர மீட்டர் நிலம், கட்டுவிகிதம் (நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பது) 2.8 என்றால், மொத்தத் தளப்பரப்பு 42,000 சதுர மீட்டர். நகர மையத்துக்கு வெளியே இதை 85ஆல் வகுத்தால் வருவதுதான் அதிகபட்ச வீடுகள், இங்கே 494. 2019க்கு முன் இந்த வகுக்கும் எண் 70ஆக இருந்தது. தீப்பெட்டி வீடுகளாகக் கட்டித் தள்ளுகிறார்கள், சாலையும் தாங்கவில்லை என்று ஏற்றினார்கள். அதே நிலம், வீடு மட்டும் குறைந்தது. நிலத்தின் அளவை மட்டும் வைத்து வீட்டின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

கட்டுமான நிறுவனங்கள் நிலத்தை வாங்கிப் பூட்டி வைத்து விலை ஏற்றுகின்றன என்று காப்பிக் கடையில் பேசுவார்கள். இங்கே அது கஷ்டம். வீடு கட்ட நிலம் வாங்கும் நிறுவனத்துக்குக் கூடுதல் முத்திரை வரி 40 விழுக்காடு. அதில் 35 விழுக்காடு தள்ளுபடி ஆக வேண்டுமென்றால், பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடித்து அத்தனை வீட்டையும் விற்றிருக்க வேண்டும். இப்போது பெரும்பகுதியை விற்றுவிட்டவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் வேலை செய்த காலத்தில் சுவரில் நாள்காட்டி மாட்டாமல் மீதமுள்ள மாதங்களை எழுதி வைத்திருந்தோம்.

அப்புறம், அந்த ஒரு பில்லியன் வெள்ளி நிலம். செஞ்சாரு குளோஸில் பேருந்து நிலையம், உணவங்காடி நிலையம், கடைகள், மேலே வீடுகள் என்று கலந்து வரும் இடம். 2025இல் தளப்பரப்பின் சதுர அடிக்குச் சுமார் 980 வெள்ளி வீதத்தில் போனது. ஏலத்தில் தொகை எப்படி முடிவாகிறது தெரியுமா? பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். நாலு வருடம் கழித்து சதுர அடி என்ன விலைக்குப் போகும் என்று ஒரு எண்ணை எழுதி, அதிலிருந்து கட்டும் செலவு, வட்டி, வரி, விளம்பரம், லாபம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நிலத்துக்குத் தரக்கூடிய தொகை. நிலம் ஆயிரம் வெள்ளியை ஒட்டி இருந்தால், விற்பனை விலை இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்குவது சிரமம். 900 சதுர அடி வீடு என்றால் 1.8 மில்லியன். உங்கள் மகளும் மருமகனும் பார்க்கிற வீடு இது இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆக, அந்த ஏலத்தைக் கண்டு நீங்கள் அவசரப்படவும் வேண்டாம், அவர் ஆறுதல் அடையவும் வேண்டாம்.

(ஏலம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு முறை எங்கள் தொகையே முதலிடத்தில் வந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்கு ஏலம் மூடியது, சாயங்காலம் பட்டியல் வந்தது. இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு குறைவாகக் கேட்டிருந்தார் என்று பார்த்ததும் முதலாளி பேசாமல் எழுந்து போய்விட்டார். அறையில் ஒருவரும் கை தட்டவில்லை.)

உங்கள் வீட்டு விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மையாகச் சொன்னால், அந்த நிலத்தின் விலையால் ஏறாது. பேருந்து நிலையமும் சாப்பாட்டுக் கடைகளும் நடந்து போகும் தூரத்தில் வருவதால் கொஞ்சம் மதிப்புக் கூடலாம். ஆனால் ஈசூனின் பழைய புளோக்குகள் பலவும் 1980களில் கட்டியவை. உங்களுடையதும் அப்படியென்றால் 99 ஆண்டுக் குத்தகையில் மிஞ்சியிருப்பது அறுபதை ஒட்டி. செஞ்சாருவின் முதல் பிடிஓ வீடுகள் 2030களின் முற்பாதியில் விற்பதற்கு முன் குடியிருந்தாக வேண்டிய ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்துச் சந்தைக்கு வரும்போது, வாங்க வருபவர் உங்கள் வீட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வீட்டை விற்றுச் சின்னதற்குப் போகும் யோசனை ஏதாவது இருந்தால் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் எண்ணமே இல்லை என்றால் மறந்துவிடுங்கள்.

மகள் விஷயத்தில் நான் பார்க்கச் சொல்வது வேறு ஒரு எண். மறுவிற்பனைச் சந்தைக்கு வீடு வருவது நில ஏலத்திலிருந்து இல்லை, ஐந்தாண்டை முடித்த வீவக வீடுகளிலிருந்து. 2020இல் கட்டுமானத் தளங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன அல்லவா, அன்றைக்கு முடியாமல் போன வீடுகள்தான் 2025இல் சந்தைக்கு வராமல் போனவை. அந்த ஆண்டு சுமார் 8,000 வீடுகள் மட்டுமே ஐந்தாண்டை முடித்தன. 2026இல் அது சுமார் 13,500, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் கூடும். இதன் அறிகுறி இப்போதே தெரிகிறது. மறுவிற்பனை விலை 2024இல் 9.7 விழுக்காடு ஏறியது, 2025இல் 2.9 விழுக்காடுதான். அந்த ஆண்டு இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. இது தவிர, 2025 முதல் 2027 வரை வீவக சுமார் 55,000 பிடிஓ வீடுகளை விற்பனைக்கு விடுகிறது. அவற்றில் ஒரு பகுதிக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டுக்கும் குறைவு.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், மறுவிற்பனை வீட்டுக்கு இந்த மாதமே முன்பணம் கொடுக்க மாட்டேன். நிலத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டும் உட்கார மாட்டேன். பிடிஓவுக்கு விண்ணப்பிக்கத் திருமணப் பதிவு முடிந்திருக்க வேண்டியதில்லை, நிச்சயித்த ஜோடியாகவே விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்குப் பக்கத்தில் வீடு கேட்பவர்களுக்கு, அதாவது நான்கு கிலோமீட்டருக்குள், குலுக்கலில் முன்னுரிமை உண்டு. செஞ்சாரு உங்கள் வீட்டிலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் வரும். ஒரு எச்சரிக்கை: குலுக்கலில் வரிசை எண் கிடைத்து, போதிய தெரிவு இருந்தும் வீட்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், முதல்முறை வாங்குவோர் என்ற அந்தஸ்து ஓராண்டுக்குப் போய்விடும். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று விண்ணப்பிக்க வேண்டாம். ஈசூனில் இல்லாவிட்டாலும் சம்மதமா என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். மீதமுள்ள வீடுகளுக்கான விற்பனையையும் பார்க்கச் சொல்லுங்கள், அதில் பாதிவரை கட்டப்பட்ட வீடுகளும் கிடைக்கும்.

ஓராண்டில் இரண்டு முறை முயன்றும் எண் வரவில்லை, அல்லது வீட்டுக்கு ஒரு குட்டி வரப்போகிறது என்றால், அப்போது மறுவிற்பனைக்குப் போகலாம். இருவரும் சிங்கப்பூரர்கள், முதல்முறை வாங்குகிறார்கள் என்றால் நாலறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்கு 80,000 வெள்ளி மானியம், உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் 20,000, உங்களோடு சேர்ந்தே இருப்பதென்றால் 30,000. வருமானத்தைப் பொறுத்து இன்னொரு மானியமும் உண்டு. சேர்ந்தே இருக்கும் யோசனையை அந்தப் பத்தாயிரத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்பது ஒரு மாமனாராக என் சொந்த அனுபவம்.

எந்த வழியில் போனாலும் முதலில் வேண்டியது வீவகவின் வீட்டுத் தகுதிக் கடிதம். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று அதில் வந்துவிடும். கிடைக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகலாம், ஒன்பது மாதம் செல்லும். பிடிஓ அறிவிப்பு வந்த பிறகு இதற்கு ஓடினால் அந்தச் சுற்று கையை விட்டுப் போய்விடும். இந்த வாரக் கடைசியில் இரண்டு பேரையும் சிங்பாஸோடு (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்காரரைக் கீழே அனுப்பி, அந்த வேலியில் மாட்டியிருக்கும் பலகையைப் படித்து வரச் சொல்லுங்கள். என்ன கட்டுகிறார்கள், யார் கட்டுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும்.